லோயர் கேம்ப்போடு முடிகிற இலவசம்

முனீஸ்வரிக்கு வாய் அதிகம் என்று கம்பத்தில் அவள் தெருவே சொல்லும். அந்த வாய்தான் தினமும் ஒரு ஜீப் ஆட்களைப் பத்திரமாக மலையேற்றிக்கொண்டிருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் மலை. மலையேறும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அங்கே இறங்கி, கிடங்கு அனுப்பும் ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். ஜீப்புக்கு ஒரே நிபந்தனை, ஆள் நிறைய வேண்டும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் வண்டி நகராது, அன்றைக்கு யாருக்கும் வேலையும் இல்லை.

ஓட்டுபவன் கருத்தக்கண்ணன். தங்கமான ஆள்தான். ஆனால் ராத்திரியெல்லாம் கேரளாவுக்குக் காய்கறி லோடு அடித்துவிட்டு, விடிந்ததும் ஜீப்பில் உட்காருகிறவனுக்குக் கண் என்ன இரும்பிலா செய்திருக்கிறது? பக்கத்து சீட்டு முனீஸ்வரிக்கு. வண்டி கிளம்பியதும் வாயைத் திறந்தாள் என்றால் குமுளியில்தான் மூடுவாள். நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு, எதிர்வீட்டு நாய், ரேஷன் கடைச் சண்டை, எதையாவது. அவன் தலை சாய்ந்தால் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. பின்னால் இருப்பவர்கள், "ரேடியோ ஆரம்பிச்சிருச்சுடி" என்று சிரிப்பார்கள். விஷயத்தை வெளியே சொன்னால் ஜீப் நின்றுவிடும், எல்லோர் பிழைப்பும் போய்விடும் என்று அவளும் சிரித்துவைப்பாள்.

தை பிறந்த பிறகு ஒருநாள், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் மூடிவிட்டது. வளைவுச் சுவரில் வண்டி உரசிய சத்தத்தில்தான் விழித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பனி.

மறுநாளே டெப்போவில் பாஸ் எடுக்கப் போய் நின்றாள்.

"எங்கன இருந்து எங்கன வரைக்கும்மா?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

கம்பத்திலிருந்தே எடுத்தால் ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் ஓசியில் போகிற தூரத்துக்கு யாராவது காசு கட்டுவார்களா? "லோயர் கேம்ப்ல இருந்து குமுளிக்கு மட்டும் போடுங்க சார்" என்றாள். அப்படி எடுத்தால் தினமும் அந்த ஜீப்பின் முன்னால்தான் பஸ் மாற வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பாஸைப் பார்த்துப் புருஷன் ராஜபாண்டி குதித்தான். "ஜீப்பு சும்மா போகுது, இதுக்கொரு பாசா?"

"அந்த ஆளு தூங்குறாருங்க. நான் கண்ணால பாத்தேன்."

"தூங்குறவன் இத்தன வருசமா மலையேத்துவானா? ஒன் பேச்சக் கேட்டா எவனுக்கும் தூக்கம் வரத்தான் செய்யும்."

ஜீப்பில் காலியான இடத்துக்கு ஆள் வேண்டுமே. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று தன் தங்கை நாகஜோதியை அனுப்ப முடிவு செய்தான். "பிள்ளைய அதுல ஏத்தாதீக" என்று முனீஸ்வரி மன்றாடினாள். நாத்தனார் சம்பாதிப்பது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. நாகஜோதியோ நாலு கேள்வி கேட்டால் ஒரு 'ம்' சொல்கிற பெண்.

காலையில் லோயர் கேம்ப்பில் இறங்கியபோது மலையே தெரியவில்லை, அவ்வளவு பனி. டவுன் பஸ்ஸில் வரும்போதே, பின்னால் உட்கார் என்று முனீஸ்வரி நாத்தனாரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் ஜீப்பில் இருந்தவர்கள், "மாப்பிள்ள பாக்குற புள்ள, இங்கன இடிபட வேணாம்" என்று நாகஜோதியை முன்சீட்டில் ஏற்றிவிட்டார்கள்.

முனீஸ்வரி ஓடினாள். "ஜோதி, அவருகிட்டப் பேசிக்கிட்டே போத்தா!"

"என்னத்தப் பேச மதினி?" என்று சிரித்துவிட்டு அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

நீ இறங்கு, நான் உட்காருகிறேன். நாக்கு நுனிவரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்த பனி ஞாபகம் வந்தது. பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பின்னால் குமுளி பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். அவள் பாஸைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முதல் வளைவிலேயே ஜீப் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. நாகஜோதி ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பிறகு பனி. மேலே ஒரு வளைவில் சாலையோரச் சுவர் கொஞ்ச தூரம் இல்லாதது போலத் தெரிந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்ததா என்று யோசிப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது.

குமுளியில் இறங்கினாள். ஜீப் எப்போதும் நிற்கிற டீக்கடை வாசல் காலியாகக் கிடந்தது. கடைக்காரரைக் கேட்டாள்.

"இன்னும் வரலியே. ஒங்க பஸ்ஸுதான் மொதல்ல வந்துச்சு."

நாகஜோதிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். போனைக் காதில் வைத்தபடி வந்த சாலையிலேயே கீழ்நோக்கி நடந்தாள். அடிக்கிற மணிக்கு நடுவே அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நேத்து வச்ச கொழம்புல உப்பு கூடிப்போச்சு, அண்ணே... அந்த எதிர்வீட்டு நாயி இருக்கே... கேக்குதாண்ணே... தூங்கிராதீகண்ணே..."