அக்காவுக்கு மாமா அனுப்பிய மருந்து

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இதை வாசிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேச வராதவள் நான். அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தார். அப்பா எங்களை மும்பை தாராவிக்கு அழைத்து வந்தபோது அவருக்கு ஒன்பது வயது, நான் கைக்குழந்தை. பதினான்கு வயதில் பை தைக்கும் பட்டறையில் மிஷின் முன் உட்கார்ந்தார். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது அந்த மிஷின்தான். கணவர் காலமான பிறகும் அவர் தையலை விடவில்லை. என் திருமணம் முறிந்து நான் வந்து நின்றபோது, "சோறு வடிச்சிருக்கு, கை கழுவிட்டு வா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்து, மாட்டுங்காவில் டாக்டரம்மா அளவைச் சொல்வார். முன்பு சீட்டு எழுதித் தருவார். பிறகு கம்ப்யூட்டரிலிருந்தே மருந்துக் கடைக்கு அனுப்பும் வழக்கம் வந்தது. எந்தக் கடைக்கு அனுப்ப என்று கேட்டார்கள். அப்போது நாங்கள் நவி மும்பையில் சான்பாடாவுக்குக் குடிபோயிருந்தோம். வீட்டுக்குக் கீழேயே மருந்துக் கடை உண்டு. ஆனால் தாராவியில் மருந்துக் கடை வைத்திருந்தவர் எங்கள் தாய்மாமா, அம்மாவின் கடைசித் தம்பி.

"எம் மருமவளுக்கு எங் கடையிலேருந்து போவாம, வேற எவன் கடையிலேருந்து போவும்?" என்றார் மாமா.

"வேற கடை பேரச் சொன்னா மாமா நாலு நாளு சோறு திங்க மாட்டாவ" என்று சிரித்துக்கொண்டே அக்கா மாமா கடையையே பதியச் சொன்னார்.

மாதம் பிறந்ததும் மாமா மருந்தைக் கட்டி, சான்பாடா பக்கம் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். தாய்மாமன் கொடுத்ததைச் சரிபார்ப்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை.

கடைசி மாதம் அக்காவின் ரத்தம் அளவுக்கு மேல் நீர்த்திருந்தது. டாக்டரம்மா மாத்திரையை ஐந்து மில்லிகிராமிலிருந்து இரண்டாகக் குறைத்து அனுப்பினார். அது மாமாவின் கம்ப்யூட்டருக்குப் போவதற்குள் பழைய அளவு மருந்தே கட்டிக் கிளம்பிவிட்டது. வழக்கமானதுதானே என்று மாமா கம்ப்யூட்டரில் வந்ததைத் திறந்து பார்க்கவில்லை. பதினோராம் நாள் அக்காவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மறுநாள் காலை தலைவலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்று நாள் மூச்சு இருந்தது.

துக்க வீட்டில் ஒருவர், "தாய்மாமன் கையாலயே விஷம் குடுத்துட்டாம்லா" என்றார். மாமா செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கடையையும் வேறொருவரிடம் விட்டுவிட்டார். இன்றும் எல்லோரும் அவரைத்தான் சொல்கிறீர்கள்.

டாக்டரம்மா அனுப்பியதன் நகல் என் போனுக்கும் வந்தது. நான் பார்த்தேன். அதில் 2 என்று இருந்தது. மாமா அனுப்பிய மாத்திரை அட்டையில் 5 என்று இருந்தது. மருந்து வந்த அன்று சாயங்காலம் மாமா போனில் பேசினார்.

"மருந்து வந்துட்டாம்மா?"

"வந்துட்டு மாமா."

"எல்லாம் சரியா இருக்கா? பாத்தியா?"

"பாத்தேன் மாமா. சரியாத்தான் இருக்கு."

மாமாவிடம் தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடமும் சொல்லவில்லை. அந்த மாத்திரைகளைத் தினமும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"அவகிட்ட கேட்டேனே" என்று மாமா இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய கீழ்வீட்டு அண்ணனுக்கும், ஆஸ்பத்திரி வாசலிலேயே மூன்று நாள் கிடந்த பட்டறைத் தோழியருக்கும், உடன் நின்ற அனைவருக்கும் நன்றி. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெதுவாக முழுவதும் படித்தார்.

"இதப் போடாதட்டி. ஒத்தையில கெடக்கவ, நாளைக்கு ஒன்னைய யாரு வந்து பாப்பா?" என்றார்.

போட்டிருக்கிறேன்.