ஃபிலாசபி மேடத்துக்கு நாங்கள் போட்ட மார்க்

வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு தாள். இடது பக்கம் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, சுமார், மோசம். அடியில் ‘பிற கருத்துகள்’ என்று போட்டு இரண்டு கோடு. தென்காசிப் பக்கத்தில் நான் படித்த கல்லூரியில், பருவம் முடியும் வாரம் வந்தால் இந்தத் தாளைக் கட்டுக்கட்டாக வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஆசிரியரைப் பற்றியும் மாணவர்களின் கருத்தைக் கேட்பார்கள். கேட்பார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாங்கள் என்ன சொல்லுவோம் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். முதல் கட்டத்தில் பேனாவை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பத்துக் கேள்விக்கும் மிகச் சிறப்பு. கேள்வியை யாரும் படித்ததில்லை. வராதவர்களுக்கும் சேர்த்துப் பக்கத்தில் இருப்பவர்களே இழுத்துவிடுவார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று அச்சடித்திருந்தாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் அல்லவா இருந்தது! பாதிப் பாடத்தை மட்டும் நடத்திவிட்டு, மீதிக்கு ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்ன ஒரு சார் வருடா வருடம் ஐந்துக்கு நாலே முக்கால் வாங்குவார்.

முதல் வருடத்தின் இரண்டாம் பருவத்தில், சொந்தத் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தாக வேண்டும். நான் வணிகவியல். கம்ப்யூட்டர் பாடத்துக்கு அரை மணி நேரத்தில் இடம் நிறைந்துவிட்டது. நான் போன பஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதால் எனக்கு மிஞ்சியது ‘தத்துவ அறிமுகம்’. என்னைப் போலவே தாமதமாக வந்து மிஞ்சிப்போன நாற்பது பேர் சேர்ந்ததுதான் அந்த வகுப்பு. கடையத்திலிருந்து வரும் என் தோழி நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று, “ஏட்டி, தத்துவம்னா என்னட்டி? பாட்டு ஏதும் இருக்குமா?” என்று கேட்டாள். “எல்லாரும் ஒருநாள் செத்துப்போவோம்னு சொல்லுவாவ. அதுக்கு ஒரு பரீட்சை வைப்பாவ” என்றேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

பாடம் எடுக்க வந்தவர் எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கௌரவ விரிவுரையாளர் என்று பதவிக்குப் பெயர். வருடம் முடிந்தால் வேலையும் முடியும், ஜூனில் மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு. கௌரவம் பெயரில் மட்டும் இருந்தது. ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இல்லாததால் நூலகத்தில்தான் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் வந்ததும் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. “ஐந்தருவி எத்தனை அருவி?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஐந்து என்று யாரோ சொன்னார்கள். “மேல ஒரே ஓடையாத்தானே வருது? பாறையில விழும்போதுதானே பிரியுது? அப்போ அது ஒண்ணா, அஞ்சா?” என்றார். “சரி, தண்ணி இல்லாத மாசத்துல அங்கன போய் நின்னா, அது அருவியா, வெறும் பாறையா?” பின் பெஞ்சில் ஒருவன், “சீசன்ல போய் பாத்துட்டுச் சொல்லுதோம் மேடம்” என்றான். எல்லோரையும்விட மேடம்தான் அதிகமாகச் சிரித்தார். அன்று மாலை பஸ்ஸில் கடையத்துக்காரிக்கும் எனக்கும் இதே சண்டை. கண்டக்டர் வந்து, “குளிக்கப் போற எடத்த எண்ணிக்கிட்டு இருக்கீயளே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் ஒரு குறை இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டார். நாங்கள் பரீட்சைக்கு எழுதத் தேடும் ஐந்து வரி அவர் வாயிலிருந்து வரவே வராது. “நீ என்ன நெனைக்க? ஏன் அப்படி நெனைக்க?” என்று திருப்பிக் கேட்பார். அந்த ‘ஏன்’ வகுப்போடு நிற்கவில்லை என்பதுதான் தொந்தரவு. என் வாப்பா சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவார். சாப்பிட்டாயா, படித்தாயா, உம்மா சொன்னபடி கேட்டாயா என்று கேட்பார், நானும் ஆமா ஆமா என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை நான், “இருவது வருசமா ஏன் வாப்பா அங்கனயே இருக்கீய?” என்று கேட்டுவிட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். வாப்பா “சிக்னல் சரியில்லம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரம் உம்மாவிடம் மட்டும் பேசினார். “படிக்கப் போன புள்ள மனுசர கேள்வி கேக்கதுக்கா போச்சு?” என்று உம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே தோன்றியது.

ஏப்ரலில் கடைசி வகுப்பு. வகுப்புத் தலைவி என்பதால் கருத்துத் தாள்களை நான்தான் அலுவலகத்திலிருந்து வாங்கிக்கொண்டு போனேன். பாதிப் பேர் பேனாவை முதல் கட்டத்தில் வைத்துவிட்டார்கள். மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார். “இப்படி இழுக்காதீங்க. இத்தன நாளு பேசுனதுக்கு அர்த்தம் இல்லாம போயிரும். ஒவ்வொரு கேள்வியையும் படிங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு போடுங்க. ஏன்னு ஒரு வரி எழுதுங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும்” என்றார். சொல்லிவிட்டு, நாங்கள் கூச்சப்படக் கூடாது என்று வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் ஒரு படி மேலே போனேன். “லே, யாரும் பொய் எழுதக் கூடாது, கேட்டுக்கிடுங்க” என்று மேசையைத் தட்டினேன். நாற்பது பேர் ஒரு மணி நேரம் தலை நிமிராமல் எழுதினார்கள். பரீட்சையில்கூட அந்த வகுப்பில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

தாள்களை வாங்கி அடுக்கும்போது கண்ணில் பட்டவை இன்னும் நினைவில் இருக்கின்றன. ‘முதல் ஒரு மாதம் ஒன்றுமே புரியவில்லை. இப்போது புரியவில்லை என்பது புரிகிறது’ என்று ஒருவன். ‘இதைப் படித்தால் வேலை கிடைக்காது. ஆனால் என் அண்ணனுக்கு வேலை இருக்கிறது, அவன் எதையும் யோசிப்பதில்லை’ என்று தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன். கடையத்துக்காரி, ‘நோட்ஸ் தரவில்லை, கோபம். அப்பாவிடம் வயலில் வைத்து விவாதம் செய்தேன், அவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வந்து மறுபடி கேட்டார்’ என்று கோட்டைத் தாண்டி ஓரம் வரை எழுதியிருந்தாள். எல்லோரும் கட்டத்தில் போட்டது என்னவோ சுமார், நன்று, அங்கங்கே மோசம். பாடத்திட்டம் முடிந்ததா என்ற கேள்விக்கு உண்மையில் முடியவில்லை. நோட்ஸ் தந்தாரா என்றால் தரவில்லை. சந்தேகங்களைத் தீர்த்தாரா என்ற கேள்விக்குத் தீர்க்கவில்லை, புதிதாகத்தான் தந்தார். நானும் நேர்மையாக நிறைய ‘சுமார்’ போட்டு, கீழே என் வரிகளையும் எழுதினேன். கட்டி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகும்போது பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு.

ஜூனில் கல்லூரி திறந்தது. மேடம் வரவில்லை. தத்துவ அறிமுகத்தின் இடத்தில் ‘ஆளுமை மேம்பாடு’ என்று புதிதாக ஒரு பாடம். அலுவலகத்தில் இருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “காலேஜுலயே கடைசி மார்க்கு ஒங்க மேடத்துக்குத்தாம்மா. ரெண்டே கால். நீங்கதான போட்டீய?” என்றார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அடியில் எழுதியதைப் படித்தால் புரியும் என்று சொன்னேன். “அத யாரு படிக்கா? கட்டத்த மட்டும்தான் ஏத்துவோம். எழுத்த ஏத்த இதுல எடம் இல்ல” என்றார். முதல்வரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். “நீங்க எல்லாரும் சேந்து வேண்டாம்னு சொன்ன பெறகு நான் என்னம்மா செய்ய முடியும்?” என்று கேட்டார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை எனக்கு விளக்கத் தெரியவில்லை. வெளியே வந்தேன். நாலே முக்கால் சார் வராந்தாவில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மேடத்தின் எண் என்னிடம் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். அன்றைக்கே, அந்த வாரமே, அந்த வருடமே போட்டிருக்கலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்து யோசித்தே எட்டு வருடம் ஓடிவிட்டது. பொய் சொன்ன அத்தனை பேரும் நிம்மதியாக இருக்க, உண்மையைச் சொன்னதால் ஒருத்தியின் சோற்றில் மண் விழுந்தது என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொள்வேன். அதெல்லாம் கதை. பேசப் பயந்தேன், அவ்வளவுதான்.

இப்போது குற்றாலத்தில், ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். வாப்பா ஊர் திரும்பிவிட்டார், பேச்சு குறைவு. சீசன் நாட்களில் அறை காலி செய்கிற ஒவ்வொருவரிடமும், “அஞ்சு ஸ்டார் போட்ருங்க சார்” என்று சொல்ல வேண்டும். முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. சுடுதண்ணீர் வராத அறைக்காரர்களிடமும் சொல்வேன். பல பேர் போட்டுவிடுகிறார்கள். நாக்குக்கு அது பழகிப்போய்விட்டது.

போன ஆடியில் சாரல் நன்றாக இருந்தது. ஒரு வேனில் பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். ஆதார் அட்டைகளை வாங்கி எழுதும்போது ஒரு அட்டையில் மேடத்தின் பெயர். நிமிர்ந்து பார்த்தேன். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். என்னை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. “வகுப்புத் தலைவி” என்றார். மற்றவர்கள் குளிக்கப் போனதும், குழந்தைக்குச் சளி என்று அவர் மட்டும் வரவேற்பு அறை சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம் மலையாள ஊருக்குப் போய்விட்டதாகவும், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். “பாடம் எடுக்கலையா மேடம்?” என்று கேட்டேன். “அதுக்கப்பறம் எங்கயும் எடுக்கல. நமக்கு வரலைன்னு தெரிஞ்ச பெறகு எதுக்கு?” என்றார்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவராகவே சொன்னார். “எனக்கு நம்பரை மட்டும்தான் காமிச்சாங்க. ரெண்டே கால். தாளைக் கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கு பஸ்ல செங்கோட்டை வரைக்கும் ஒவ்வொரு மொகமா நெனச்சுப் பாத்தேன். நாப்பது பேரும் நல்லாத்தான பேசினீங்க.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, “நீ என்ன போட்ட?” என்று கேட்டார்.

எட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாள்களில் என்னென்ன இருந்தன என்று, கடையத்துக்காரியின் அப்பா மூன்றாம் நாள் வந்து கேட்டது வரை, ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரியாத அத்தனையும் என்னிடம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ‘சுமார்’ என்ற சொல் வாயில் வரவில்லை. “நான் எல்லாத்துக்கும் மிகச் சிறப்புதான் போட்டேன் மேடம். மத்தவங்கதான்…” என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “நீயும் இழுத்துத்தான் விட்டியா?” என்றார். குரலில் கோபமே இல்லை. “ஒருத்தியாவது படிச்சுப் பாத்து எழுதியிருப்பான்னு நெனச்சேன். அது நீயா இருக்கும்னு நெனச்சேன்.” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “சாரமில்ல, விடு” என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லி, என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குள் குழந்தை எழுந்து அழுதது, ஈரத் துணியோடு அவர் வீட்டு ஆட்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். இணையத்தில் லாட்ஜுக்கு உள்ள பக்கத்தில் மேடத்தின் பெயரில் புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. ஐந்து நட்சத்திரம். அவர் தங்கிய அறையில் ஹீட்டர் ஓடவில்லை, ஜன்னலை மூட முடியவில்லை. கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வரிதான் வேண்டும் என்று எங்களைக் கேட்டவர். அவர் எண் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. எங்கேயாவது இது அவர் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். மேடம், அந்த இரண்டு கோட்டில் நான் எழுதியது இதுதான்:

‘பாடம் தெளிவாக இல்லை. மேடம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. இந்த வகுப்புக்கு வந்த பிறகு வீட்டில் எனக்கு நிம்மதி போய்விட்டது. அடுத்த வருடமும் மேடமே வர வேண்டும்.’