கண்டக்டர் கஜாவுக்குக் கால் முளைத்த கதை

போன சனிக்கிழமை காலை, மல்லேஸ்வரத்தில் ஒரு தர்ஷினி. நின்றுகொண்டே சாப்பிட வேண்டிய ஓட்டல். ஒரு கையில் இட்லித் தட்டு, இன்னொரு கையில் காபி. இரண்டு கையும் போய்விட்டால் எதை வைத்துச் சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சார்... கஜாவுக்குக் கால் வெச்சது நீங்கதானே?”

திரும்பினேன். வயது இருபத்து நான்கு இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் லேப்டாப் பை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. இந்தப் பத்தியின் தலைமாட்டில் இருக்கும் என் போட்டோ தலைமுடி இருந்த காலத்தில் எடுத்தது. அதை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டான் என்றால் எத்தனை கோபம் இருந்திருக்க வேண்டும்?

“நான் கதைதாம்ப்பா எழுதினேன். படம் போட்டது மணி.” நண்பனை இவ்வளவு வேகமாகக் காட்டிக்கொடுப்பேன் என்று நானே நினைக்கவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்,” என்றான் அவன்.

பதினோரு வருஷக் கோபம்! புதிய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

அப்போது ஸ்ரீராம்புரம் பக்கத்து லோக்கல் கேபிளில் ஞாயிறு காலை ஒரு பொம்மை நிகழ்ச்சி வரும். நாயகன் கண்டக்டர் கஜா. கையில் மாட்டிக்கொள்ளும் துணிப்பொம்மை. சட்டைப் பித்தான் கண்கள், கறுப்பு உல்லன் நூல் மீசை, எப்போதும் திறந்தே இருக்கும் வாய். “முந்தே ஹோக்ரி... முன்னாடி போங்கம்மா, முன்னாடி போங்க!” என்று அவன் கத்தினால் தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தும். ஆட்டுவித்தவர் ஸ்டெல்லா அக்கா. நீலசந்திராவில் நர்சரி டீச்சர்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் சிறுவர் மலரில் கஜாவை காமிக்ஸாகப் போடலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். வாரம் எட்டுக் கட்டம். படத்துக்கு மணி. தொடர்கதைகளுக்கு வரைந்து கை தேர்ந்தவன். அவன் வரைந்தால் மளிகைக் கடைக்காரருக்குக்கூட அகன்ற மார்பு வந்துவிடும்.

அங்கேதான் சனி பிடித்தது.

முதல் வாரம் கஜா வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? ஆறடி உயரம். முறுக்கிய மீசை. மடிப்புக் கலையாத காக்கி பேன்ட். பளபள ஷூ. வாயை மூடிக்கொண்டு கம்பீரமாக நின்றான். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்கிற மாப்பிள்ளை... ஆனால் கஜா இல்லை.

கார்டுகள் வந்தன. மொத்தம் பதினொன்று. ‘இது யார்?’ என்றது ஒன்று. ‘உல்லன் மீசை எங்கே?’ என்றது இன்னொன்று. மற்றதெல்லாம் ஒரே குரல் — ‘கஜாவுக்கு ஏது கால்? கஜாவுக்குக் காலே கிடையாது! உடனே எடுக்கவும்.’ அவற்றில் எட்டு கார்டு பச்சை மையில் இருந்தது. ஸ்ரீராம்புரம் கடைகளில் அந்த மாதம் பச்சை ரீஃபில்தான் வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அவ்வளவுதான் தோன்றியது.

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். “வாசகர்கள் கொதிச்சுப் போயிருக்காங்க. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அடங்கலேன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்து.”

எனக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. மணிக்குத்தான். அத்தனை வருஷமும் அடுத்தவன் கதைக்குப் படம் போட்டு, மூலையில் எறும்பு அளவுக்குக் கையெழுத்துப் போட்டவன். இந்தப் பக்கத்தில்தான் முதல் முறையாக ‘ஓவியம்: மணி’ என்று உச்சியில் பெரிய எழுத்தில் வந்தது. ஒக்கலிபுரத்தில் அவன் குடியிருந்த சந்து முழுக்க அந்த இதழைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தான். இப்போது கார்டுக் கட்டை இரண்டு தரம் புரட்டிவிட்டு, “நல்லா இருக்குன்னு ஒருத்தன்கூட எழுதலியாடா?” என்றான்.

இரண்டு பேரும் ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கப் போனோம். அவரும் திட்டுவார், ஒரேயடியாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம். போனால், அவர் வீட்டு பீரோ கதவில் எங்கள் பக்கம் ஒட்டியிருக்கிறது!

“யாரு தம்பி சொன்னது நல்லால்லேன்னு? மூஞ்சிதான் எங்க கஜா மாரி இல்ல. ஆனா கால் சூப்பரு!”

“ஜனங்க கால் வேணாங்கறாங்கக்கா...”

“ஜனங்களா மேஜைக்கு அடியில குந்திக்கினு கெடக்கறாங்க? நான் கெடக்கறேன். நாலு வருசமா கைய மட்டும் தூக்கிக்கினு. முடிச்சு எழுந்துக்கறச்ச ரெண்டு பேரு புடிச்சுத் தூக்கணும், தெரியுமா? பேரு என்னமோ கண்டக்டரு. ஒரு நாளாச்சும் பஸ் ஏறிக்கிறானா அவன்? என் காலுதான் மரத்துப்போச்சு... அவனாச்சும் ஒரு தடவ ஃபுட்போர்டுல நிக்கட்டும், மணி தம்பி.”

ரசிகர்களுக்குக் கால் கூடாது. பெற்றவளுக்குக் கால் வேண்டும். நடுவில் நாங்கள்!

அந்த ஞாயிறு ஷூட்டிங் பார்க்கப் போனோம். கேபிள் ஆபீசின் பின்னறை. நீலத் துணி போர்த்திய ஒரு மேஜை. நான் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மணி பொம்மையைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்தான், துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் பாதத்தைப் பார்த்தான்.

இரண்டாவது வாரம் வரைந்து கொடுத்தான். பித்தான் கண், உல்லன் மீசை, திறந்த வாய். முதல் கட்டத்தில் கஜா பஸ் ஜன்னலுக்குப் பின்னால். அடுத்ததில் வெங்காயக் கூடைக்குப் பின்னால். அப்புறம் சீட்டுக்குப் பின்னால், ஒரு குண்டு அம்மாளுக்குப் பின்னால், மெஜஸ்டிக்கில் நடுரோட்டில் படுத்திருந்த எருமைக்குப் பின்னால்... இப்படி ஏழு கட்டம். இடுப்புக்குக் கீழே நூலிழைகூடத் தெரியவில்லை. ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

எட்டாவது கட்டம் அக்காவுக்கு. கஜா ஃபுட்போர்டில் நிற்கிறான். ஷூ இல்லை, மடிப்பு பேன்ட் இல்லை. பஞ்சடைத்த துணிக்கால். ஓரத்தில் தையல் தெரிகிறது. ஒரு கால் படியில், இன்னொன்று காற்றில் பறக்கிறது. பஸ் ஓடுகிறது. அவன் வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்று பார்த்ததும் தோன்றியது. அன்றைக்கு அதை மணியிடம் சொன்னேனா? இல்லை. “ஆசிரியர் காத்திருக்காரு, குடு” என்று வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரத் தபாலில் கஜாவுக்கு ஒரு கார்டும் வரவில்லை. பச்சை, நீலம், கறுப்பு... எதுவும் இல்லை.

“பார்த்தியா, கொதிப்பு அடங்கிடுச்சு,” என்றார் ஆசிரியர். பக்கம் பிழைத்தது. குறுக்கெழுத்து வேறு இடம் தேடிக்கொண்டது.

மணி மட்டும் தினமும் வந்து தபால் மேஜையைக் கிளறுவான். சனிக்கிழமை வரை கிளறினான். “திட்டறதுக்குக்கூட ஒருத்தனுக்குத் தோணலியேடா,” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பக்கம் வந்தது, கஜாவுக்குக் கால் வரவே இல்லை. ஸ்டெல்லா அக்கா கேட்கும்போதெல்லாம் “அடுத்த மாசம்க்கா” என்று பொய் சொன்னேன்.

சரி, தர்ஷினிக்கு வருவோம்.

பையன் பெயர் பிரசன்னா. கோரமங்களாவில் அனிமேஷன் கம்பெனி. ஏதோ ஒரு தேசத்து டி.வி.யில் பிரபலமான கைப்பொம்மைக் கரடியை காமிக்ஸாக்கும் வேலை இங்கே வந்திருக்கிறது. வரைந்தவன் இவன். கரடிக்குக் கால் வைத்துவிட்டான்! இன்டர்நெட்டில் முந்நூறு பேர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். திங்கட்கிழமை கிளையன்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தானாம்.

சிரித்த சிரிப்பில் என் காபி அவன் அட்டைமேல் தெறித்தது.

“சின்ன வயசுல எந்த ஏரியாப்பா?”

“ஸ்ரீராம்புரம் சார்.”

சட்டென்று உறைத்தது. “பச்சை மையா?”

நாக்கைக் கடித்துக்கொண்டான். “எட்டும் நான்தான் சார். அக்கா பேரு, பக்கத்து வூட்டுப் பசங்க பேரு, எங்க டியூஷன் மிஸ் பேரு...”

கொதித்துப் போன வாசகர்கள்! “அப்போ உன் முந்நூறு பேர்ல எத்தனை பேரு நிஜம்னு முதல்ல எண்ணிப் பாரு,” என்றேன். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “ரெண்டாவது வாரமும் கால் வந்துச்சே. ஏன் எழுதலை?”

“ஃபுட்போர்டு படமா சார்? கார்டு ரெடியாதான் இருந்துச்சு. பேனாவும் எடுத்துட்டேன். ஆனா அதப் பாத்தா கோபமே வரல சார். அதப் பாத்து வரைஞ்சு வரைஞ்சுதான் நான் படம் போடவே கத்துக்கினேன். நோட்டு முழுக்க அந்தக் கால்தான்.”

“அடப்பாவி, அதை எழுதிப் போட்டிருக்கலாமே!”

நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான். “நல்லா இருந்தா எதுக்கு சார் லெட்டர் போடணும்?”

நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அந்தப் படத்தைக் கையில் வாங்கிய நாளில் நான் மட்டும் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

தபாலாபீஸ் பக்கத்திலேயே இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரண்டு கார்டு வாங்கினேன் — அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மணி இப்போது ஒசூரில் இருக்கிறான். விலாசம் சொன்னேன். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

பிடுங்கிக்கொண்டு என் நீலப் பேனாவைக் கொடுத்தேன். பச்சை மையைப் பார்த்தால் மணி படிக்காமலே கிழித்துவிடுவான்!