ஒரு கதைக்கு என்ன செலவு ஆகும்?

ஜெகநாதனைத் தேடி மாடியேறி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே கவலைதான். எதை எவ்வளவு குறைத்துக் காட்டலாம்? ஆரணி பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறை எடுத்து, பட்டுக்கடைக்காரர்களுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் இரண்டு மூன்று அரிசி ஆலைகளுக்கும் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். அவர்கள் சொல்வதில் பாதியை எழுதிக்கொள்வார், மீதியை ஊகித்துக்கொள்வார். கேள்வி கேட்கும் பழக்கமே அவரிடமிருந்து மெல்ல விட்டுப் போயிருந்தது. பதில் முன்னாலேயே தெரிந்த கேள்வியை எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பது?

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு மாசி மாதம், அந்தோணியம்மாள் மூன்று காசோலைகளோடு அந்த மாடியேறி வந்தாள். அவள் கணவர் யோவான், ஜெகநாதன் கணக்குப் பார்க்கும் அரிசி ஆலை ஒன்றில் மேஸ்திரி. அவர் சொல்லித்தான் வந்திருந்தாள்.

"சார், இந்த மூணு செக்கும் எனக்கு வந்ததுதான். ஆனா மூணுமே என் பேர்ல இல்ல. பேங்க்குல வாங்க மாட்டேன்றாங்க."

ஜெகநாதன் வாங்கிப் பார்த்தார். மூன்றும் சென்னையில் உள்ள ஒரே சிறுவர் பத்திரிகையிலிருந்து வந்தவை. ஒன்று குட்டிமேகம் என்ற பெயருக்கு, ஒன்று ஆரணி அமுதாவுக்கு, இன்னொன்று புதிர்ப் பொன்னையாவுக்கு.

"இந்தப் பொன்னையா யாருமா?"

"அதுவும் நாந்தான் சார்."

கதை எழுதும்போது அவள் குட்டிமேகம். பூச்சி, பறவை, நட்சத்திரம் என்று அறிவியல் துணுக்கு எழுதினால் அமுதா. குறுக்கெழுத்தும் விடுகதையும் போட்டால் பொன்னையா. ஒரே இதழில் ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் நன்றாக இருக்காது என்று ஆசிரியர் சொன்னதால் வைத்துக்கொண்ட பெயர்கள். அதுவரை மணியார்டரில் வந்த பணத்தைத் தபால்காரர் முகம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரிகை ஆபீசில் திடீரென்று காசோலைக்கு மாறிவிட்டார்கள். அங்கே கணக்கு எழுதுகிறவர் இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு, அச்சில் இருந்த பெயரையெல்லாம் அப்படியே காசோலையில் எழுதிவிட்டார்.

ஜெகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வியாபாரிங்க வரியை மறைக்கத்தாம்மா பேரை மாத்துவாங்க. நாளைக்கு ஆபீசர் கேட்டா அமுதாவையும் பொன்னையாவையும் எங்கேர்ந்து கூட்டினு வருவீங்க?"

"வரி வேற இருக்குதா சார் இதுக்கு?"

பட்டுக்கு என்ன வரி, பாவு நூலுக்கு என்ன வரி, தவிட்டுக்கு என்ன வரி எல்லாம் அவருக்குத் தெரியும். கதைக்கு?

முதலில் ஆக வேண்டியதைச் செய்தார். இந்த மூன்று புனைபெயர்களும் என்னுடையவை, இனிமேல் காசோலையை அந்தோணியம்மாள் என்ற என் சொந்தப் பெயரிலேயே அனுப்ப வேண்டும் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். அதற்கு ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார். "அச்சுல எந்தப் பேரு வேணா இருக்கட்டும்மா. பணம் மட்டும் ஒரே பேர்லதான் வரணும்." பழைய காசோலைகள் திரும்பிப் போய், இரண்டே வாரத்தில் புதிது வந்துவிட்டது.

கூலி எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னதால் அந்தோணியம்மாள் ஒரு கட்டுப் பழைய இதழ்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவற்றைப் புரட்டுவது ஜெகநாதனுக்கு வழக்கமாகிவிட்டது. பொன்னையாவின் குறுக்கெழுத்து ஒன்றில் ஒரு கட்டம் நிரம்பாமல் போய், கீழே மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிற அளவுக்கு ஆயிற்று.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவளிடம் நிறைய எழுதி வாங்கியிருந்தது. பணம் தரும்போது வரி பிடித்துக்கொண்டு, பிடித்ததற்கு ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். அவள் வருமானம் மொத்தமும் வரி வரம்புக்குக் கீழேதான். கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும். ஜெகநாதன் பேனாவைத் திறந்தார்.

"செலவு சொல்லுங்க. பேப்பர், பேனா, தபால். அப்புறம்?"

"தேவிகாபுரம் போய்ட்டு வந்த பஸ் காசு போடலாமா சார்?"

"அங்க எதுக்கு?"

"மாட்டுக்கு லாடம் கட்றத பாக்க. ரெண்டு தபா போனேன். மொத தபா லாடம் கட்றவரு வரல."

"டிக்கெட் வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் யாரு சார் வெச்சிருப்பாங்க?"

"அந்த லாடக்காரர் எதனா ரசீது..."

அந்தோணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரு காசே வாங்கல சார். சும்மா நிக்கறதுக்கு கயித்தயாச்சும் புடிமான்னாரு."

அந்தக் கதையை ஜெகநாதன் முன்பே படித்திருந்தார். அதில் ஒரு தப்பு இருப்பதாகவும் அவருக்கு எண்ணம். "ஒரு மாட்டுக்கு எட்டு லாடம்னு எழுதி இருக்கீங்களே? நாலு காலுக்கு நாலுதானேம்மா?"

"குதிரைக்குத்தான் சார் நாலு. மாட்டுக்கு கொளம்பு ரெண்டா பொளந்து இருக்கு இல்ல? காலுக்கு ரெண்டு."

ஜெகநாதன் மாட்டு வண்டிகள் நெல் மூட்டையோடு வரிசையில் நின்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஒரு தடவைகூட ஒரு மாட்டின் காலைக் குனிந்து பார்த்ததில்லை.

சரிபார்க்காத செலவைக் கணக்கில் ஏற்றக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினார். புளியமரத்தடியில் ஒரு மயிலைக் காளையை நிறுத்தி, கயிற்றைக் காலில் சுற்றி ஒரே இழுப்பு. அவ்வளவு பெரிய உடம்பு மூட்டை சரிவதுபோல் மெத்தென்று சரிந்தது. கால்களைச் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, பிறை மாதிரி இருந்த இரும்புத் தகட்டை வைத்து ஆணி அடித்தார்கள். காலுக்கு இரண்டு தகடு.

லாடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மாடு எங்க?"

"மாடு இல்லீங்க. பாக்கலாம்னு வந்தேன்."

"நீங்களுமா? முன்ன ஒரு அம்மா இப்டித்தான் வந்து, ஆணி அடிச்சா மாட்டுக்கு வலிக்குமா, வலிக்காதுன்னு உனக்கு எப்டி தெரியும், மாடு சொல்லிச்சான்னு கேட்டுகினே இருந்தது."

திங்கட்கிழமை அந்தோணியம்மாளின் கணக்கில் பயணச் செலவு என்று ஒரு பதிவு ஏறியது. பஸ் கட்டணம் என்ன என்பது இப்போது அவருக்கே நிச்சயமாகத் தெரியும். இனிமேல் டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல், எந்தக் கதைக்காகப் போனது என்று பின்னால் எழுதி வைக்கச் சொன்னார். அதற்கப்புறம் வருஷா வருஷம் அவள் கொண்டுவரும் துண்டுச் சீட்டுகளைப் பார்ப்பதே அவருக்கு ஒரு ஆவலாகிவிட்டது. முள்ளிப்பட்டுக்கு ஒன்று: தறியடியில் கூடு கட்டும் குளவியைப் பார்க்க. தேசூருக்கு ஒன்று: பொம்மலாட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு. அங்கே போனால் அவர் பொம்மலாட்டக்காரர் இல்லை, பழைய சைக்கிள் வியாபாரி. அந்தப் பயணத்தில் கதை எதுவும் கிடைக்கவில்லை. கதை ஆகாத பயணம் செலவில் சேருமா என்று ஜெகநாதன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். கொள்முதல் செய்த நூலில் கழிவு போவதில்லையா? சேரும் என்று முடிவு செய்தார்.

பிடித்த பணம் திரும்பி வந்த அன்றைக்கு அந்தோணியம்மாள் கேட்டாள்: "இது கேக்காமலே குடுக்க மாட்டாங்களா சார்?"

"நாம கணக்கு குடுத்து கேட்டாத்தாம்மா வரும். கேக்காதவங்க பணம் அங்கயே கெடக்கும்."

அவள் தன்னைப்போல எழுதுகிறவர்களுக்கெல்லாம் கார்டு போட்டாள். வந்தவாசியிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் ஒருவர் இருவர் ஆரணி பஸ் பிடித்து அந்த மாடிக்கு வரத் தொடங்கினார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில், எல்லப்பன் என்ற சென்னைப் பதிப்பாளர் அவளுடைய கதைகளை ஆறு புத்தகங்களாகப் போட விரும்பினார். ஒப்பந்தம் தபாலில் வந்தது. மொத்தமாக ஒரு தொகை, அதற்கு ஈடாகச் சகல உரிமைகளும் நிரந்தரமாக அவருக்கு. ஜெகநாதன் ஒரு வக்கீலிடம் காப்புரிமைச் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தார். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கதை, உரிமையை எழுதிக் கொடுத்துவிடாத வரைக்கும், பத்திரிகையில் வந்த பிறகும் அவருடையதேதான். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். இந்த ஒப்பந்தத்திலோ நிரந்தரமாக என்றே போட்டிருந்தது. அதை அந்தோணியம்மாளிடம் சொன்னார்.

"புஸ்தகமா வந்தா போதும் சார். நான் போட்டுடறேன் கையெழுத்து," என்றாள் அந்தோணியம்மாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு ஜெகநாதன் ஒப்பந்தத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

எல்லப்பன் தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கே வந்தார். கடைக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி அந்தோணியம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். அந்தக் கடை சம்பந்தத்தினுடையது. ஜெகநாதனிடம் வரிக் கணக்குக் கொடுக்கிறவர்தான். அதனால் ஜெகநாதனும் அவள்கூடவே போனார்.

ஜமக்காளத்தில் புடவைகள் விரிந்து கிடந்தன. அன்னப்பட்சி முந்தி போட்ட ஒரு மாம்பழ நிறப் புடவையை எல்லப்பன் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"இதை எடுத்துக்கறேன். ஆனா இதே டிசைன் வேற யாருக்கும் நீங்க போடக் கூடாது. கல்யாணத்துல இன்னொருத்தி இதையே கட்டிக்கிட்டு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

சம்பந்தம் நிதானமாகச் சொன்னார்: "புடவை உங்களுது சார். டிசைன் போட்ட அட்டை எங்களுது. அத தறியில மாட்டி இன்னும் எத்தினி வேணா நெய்வோம். அட்டையவே வேணும்னீங்கன்னா அது வேற வெலை."

"என்னங்க இது, காசு கொடுத்து வாங்கறேன்..."

"புடவைக்குத்தான சார் குடுக்கறீங்க."

அந்தோணியம்மாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல எல்லப்பனைக் கேட்டாள்.

"சார், இந்தக் காகிதத்துல நான் எதக் குடுக்கறேன்? புடவையா, அட்டையா?"

சம்பந்தம் புரியாமல் பார்த்தார். எல்லப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு முகம் சுருங்கியது. "அம்மா, இத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. யாரும் இப்படிக் கேட்டதில்ல. புத்தகம் போடறது எவ்வளவு நஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

"அதுவும் சொல்லுங்க சார். தெரிஞ்சிக்கறேன்."

அவர் சொன்னார். காகித விலை, படம் போடுகிறவருக்குக் கொடுப்பது, விற்காமல் திரும்பி வரும் கட்டுகள் என்று அரை மணி நேரம் சொன்னார். சொன்னதில் பொய் இருப்பதாக ஜெகநாதனுக்குத் தோன்றவில்லை. கடைசியில், யோசித்து எழுதுகிறேன் என்று ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புடவைகளோடு காரில் ஏறிவிட்டார்.

மாதங்கள் போயின. எல்லப்பனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்தோணியம்மாள் மாடிப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அரிசி ஆலையில் பார்த்தபோது யோவான், "வூட்ல ஒரே பேஜாரா இருக்குது சார். கையில வந்தத வாயாலயே கெடுத்துகினேன்னு பொலம்புது" என்றார். வியாபாரிகளுக்கு அபராதம் விழுந்தபோதுகூட ஜெகநாதன் இப்படித் தவித்ததில்லை. சட்டத்தைப் படித்துச் சொன்னது சரிதான். ஆனால் புத்தகமே வராமல் போய்விட்டால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த ஆடியில் எல்லப்பனிடமிருந்து கனமான உறை ஒன்று வந்தது. ஆறு புத்தகம் இல்லை, இரண்டுதான். உரிமை ஐந்து வருஷத்துக்கு, தமிழுக்கு மட்டும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு. அந்தோணியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடியேறி வந்தாள். மீதி நான்கை வேறு யாரும் கடைசிவரை கேட்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு உண்டு. ஆனால் லாடக் கதை இருந்த புத்தகம் தெலுங்குக்குப் போனபோது, கேட்டவர்கள் எல்லப்பனிடம் போகாமல், அவளிடமே அனுமதி கேட்டு ஆரணிக்குக் கடிதம் எழுதினார்கள்.

எழுத்தாளர்களின் உரிமைத்தொகைக்கு வருமான வரியில் சலுகை வந்திருப்பதையும், பள்ளிப் பாடப்புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் அது கிடையாது என்பதையும் ஜெகநாதன் அந்த நாட்களில்தான் படித்தார். அந்தோணியம்மாளின் வருமானத்துக்கு அது தேவைப்படவே இல்லை. ஆனாலும் பாடப்புத்தகம் எங்கே முடிகிறது, கதைப்புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று இருவரும் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கடைக்காரர் ஒருவர் ஃபைலோடு வெளியே காத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் அவளுடைய புதுக் கதைகளுக்காக எல்லப்பன் இன்னொரு ஒப்பந்தம் அனுப்பினார். ஜெகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "இப்போது உள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லா வடிவங்களிலும் வெளியிடும் உரிமை."

"கண்டுபுடிக்கப் போறதா? அது இன்னா சார்?"

"தெரியலியேம்மா."

எல்லப்பனுக்கே போன் போட்டார்கள். "எனக்கும் தெரியாதும்மா," என்றார் அவர். "வக்கீல் போட்டாரு. வேணாம்னா அடிச்சிட்டு அனுப்புங்க."

ஜெகநாதன் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தின் ஓரத்தில் அவள் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்து யோசித்தாள்.

"காகிதமே இல்லாம ஒரு புஸ்தகம் வந்தா, பசங்க அத எதுல வெச்சி படிப்பாங்க சார்?"

ஜெகநாதனுக்கும் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.