கோலா லுக்குட்டில் சுமத்ரா காற்றும் ஆ லானின் தமிழும்

ராசாவில் குடியிருக்கும் எங்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன் கடற்கரைதான். லுக்குட்டைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். ஆனால் லுக்குட்டில் ஆற்றுமுகத்தை நோக்கிப் பிரியும் சின்ன ஜாலான் பாதையில் நான் ஒருநாளும் நுழைந்ததில்லை. போன ஆகஸ்டில் என் கணவர் குணாவுக்கு ஒரு சனிக்கிழமை விடுப்பு கிடைத்தது. "கூட்டமில்லாத இடமா போவோம்லா," என்றார். அப்படித்தான் கோலா லுக்குட் மீனவக் கிராமத்துக்குப் போனோம்.

ராசாவிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். முதலில் லுக்குட் குன்றின் மேலுள்ள பழைய கோட்டைக்கு ஏறுங்கள். ஈயம் தோண்டிய காலத்தில் பூகிஸ் இனத் தலைவர்கள் ஆண்ட இடம். மதில் அதிகம் மிஞ்சவில்லை, அகழி மட்டும் பச்சையாகக் கிடக்கிறது. அன்று இந்த ஆற்று வழியாகத்தான் ஈயம் கடலுக்குப் போனது. ஈயம் போன பிறகும் மீன்பிடித்துப் பிழைக்கும் மனிதர்கள் ஆற்றோரத்தில் இருக்கிறார்கள்.

கிராமம் சிறியது. தண்ணீருக்குள் கால் ஊன்றிய மரவீடுகள், வீட்டுக்கு வீடு ஒரு படகு, சிவப்பு விளக்கு தொங்கும் சீனக் கோயில், காய வைத்த இறால். எல்லாரும் சீனர்கள் என்று நினைத்தபடி நடந்தபோது, "எங்கிருந்து வர்றீங்கம்மா?" என்று படகிலிருந்து ஒரு குரல்.

அவர் செல்வம். ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், பெற்றோர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். "ஒரு சீன மீன்காரி மோட்டார்சைக்கிள்ல தோட்டத்துக்கு வரும். வாரத்துல மூணு நாள் மீன் வாங்குனேன். எங்க வீட்ல யாரும் அவ்ளோ மீன் சாப்பிட மாட்டாங்க," என்று சிரித்தார். அந்த மீன்காரி ஆ லான்தான் இன்று அவர் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பாவின் படகிலேயே கடலுக்குப் போகப் பழகிக்கொண்டாராம்.

ஒரு மணி நேரத்துக்கு எண்பது ரிங்கிட் பேசி அவர் படகில் ஏறினோம். இருபுறமும் பாக்காவ் என்னும் சதுப்புநில மரங்கள், தலைக்கு மேல் செம்பருந்துகள். ஆற்றுமுகம் தாண்டியதும் கடல் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. இவ்வளவு பக்கத்தில் இப்படியோர் அழகை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் எங்கே போனோம் என்று தோன்றியது.

திடீரென்று மேற்கே வானம் கருத்தது. "சுமத்ரா காத்து, மழையோட திடீர்னு அடிக்கும். திரும்பிடுவோம்," என்றார் செல்வம். படகைத் திருப்பும்போதே எஞ்சின் இருமி நின்றது. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. மழை சரம்சரமாக அடித்தது, கரை மறைந்தது. நங்கூரம் போட்டும் மண் பிடிக்கவில்லை. மீன்பிடிக்க ஊன்றிய கம்பங்களை நோக்கிப் படகு நகர்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. குணா என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்த பிடியை விடவேயில்லை. செல்வம் ஒரு மூங்கில் கழியை நீட்டிக் கம்பங்களைத் தள்ளித் தள்ளி நின்றார். அந்தக் கழியும் வளைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மழைக்குள்ளிருந்து இன்னொரு படகின் சத்தம். மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண், கயிற்றை வீசிக்கொண்டே கத்தினாள்.

"யோவ்! போன் எதுக்குயா வச்சிருக்க? பூஜை பண்ணவா?"

அசல் தோட்டத் தமிழ்! அந்த நிலையிலும் குணா சிரித்துவிட்டார். ஆ லான் எங்களைக் கட்டி இழுத்து ஆற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தாள். வழி முழுக்க வசவு நிற்கவில்லை.

கரை சேர்ந்ததும் வீட்டுக்குள் உட்கார வைத்து, இஞ்சி போட்ட மீன் கஞ்சி கொடுத்தாள். செல்வத்துக்கு ஊற்றும்போதுதான் அவள் கண்கள் நனைந்திருப்பதைக் கண்டேன். "வானத்தப் பார்த்தேன். போன் அடிச்சேன், எடுக்கல. அப்புறம் வீட்ல உக்கார முடியுமா?" என்றாள். செல்வம் தன் கஞ்சியிலிருந்த பெரிய மீன்துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

போகிறவர்களுக்கு: வானிலை பார்த்துவிட்டுப் போங்கள். ஏறும் முன்பே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். படகில் போவதைக் கரையில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். நண்பகலுக்குள் திரும்பினால் கடைகளில் புதிய இறாலும் கிடைக்கும்.

விடைபெறும்போது, இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். ஆ லான் கொஞ்சம் யோசித்தாள்.

"காத்து வரும்னு எழுது," என்றாள். "ஆனா வராதீங்கன்னு எழுதாதலா."