ஏழாம் நம்பர் மதில்

நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. பவளக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். அதில் எழுத முடியாது, நோட்டீஸ் ஒட்டினாலும் நிற்காது. இறங்குதுறையிலிருந்து வரும் வீதியில் சீமெந்து பூசிய மதில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. மாடுகள் உரசிக் கல்லை விழுத்துகின்றன என்று சலித்துப்போய் என் கணவர் கட்டியது. அரசியல்வாதிகள் எங்கள் படலையைத் தட்டியது அந்த மதிலுக்காகத்தான்.

முதலில் வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். துறையில் நிறைகுடம் வைத்து அவரை வரவேற்றோம். குடம் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம். புளி போட்டுத் தேய்த்தது நான். என் கணவருக்கு அப்போதே சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் கடல் கடந்து யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காற்று எழும்பினால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் அவருக்குக் கால் வீங்கும், மூச்சு இழுக்கும். இதையெல்லாம் அந்த மனிதர் எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, நான் வந்தால் முதல் வேலை போட்தான். காத்துக்கும் ஓடுற பெரிய போட். வருத்தக்காரரைப் படுக்க வைச்சுக் கொண்டுபோகலாம்" என்றார்.

என் கணவர் எழும்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தேன். அன்றே மதிலில், கட்சி வேட்பாளர்களுக்குள் அவருக்கென்று கொடுத்த விருப்பு இலக்கத்தை எழுதினார்கள். ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பில் ஏழு. வாக்குச் சீட்டில் கட்சியின் சின்னத்துக்குப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, ஏழுக்கு ஒரு புள்ளடி என்று ஊர் முழுக்கப் பாடமாக்கியது. அவர் வென்றார். வெடி கொளுத்தினோம்.

மழைக்கும் வெயிலுக்கும் அந்த ஏழு அழியவில்லை. பெயின்ற் மட்டும் நல்லதாக வாங்கியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அது எங்கள் விலாசமாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மருந்துப் பார்சல் வந்தால், துறையில் சாமான் இறக்குகிறவர், "ஏழாம் நம்பர்! ஏழாம் நம்பருக்கு மருந்து!" என்று கத்துவார். "பாத்தீரே, எனக்கும் ஒரு நம்பர் தந்திட்டாங்கள்" என்று என் கணவர் சிரிப்பார். பிறகு எங்கள் உறவுக்காரர்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து, துறையில் ஒரு மின்விளக்குத் திறந்து வைக்க, வென்றவர் வந்தார். நிறைகுடம் யாரும் வைக்கவில்லை. பெண்கள்தான் வளைத்துக்கொண்டார்கள். முன்னுக்கு நின்றது நான்.

"போட் எங்கை?"

"வருது அக்கா. கொழும்பிலை பேசிக்கொண்டிருக்கிறம்."

"உங்கட கூட்டம் முடியுமட்டும் காத்து அடிக்காமல் இருக்குமோ?"

எல்லோரும் ஏசினோம். அவருடைய சட்டையைக்கூட ஒருத்தி பிடித்திழுத்தாள். முகம் வேர்க்க வேர்க்க நின்று கேட்டார், பாவம். இப்போது யோசித்தால், அன்றைக்கு அவர்மேல் எங்களுக்கு நல்ல நம்பிக்கை இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு தொண்டை கிழியக் கத்தியிருக்க மாட்டோம்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காற்று தொடங்கியது. அன்றைக்குப் படகு ஓடவில்லை. சனி, ஞாயிறும் ஓடவில்லை. திங்கள் காலை துறைக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். அலை துறைக்கு மேலாக அடித்தது. "இண்டைக்கும் ஏலாது அக்கா" என்றார் சாமான் இறக்குகிறவர். செவ்வாய் விடியக் காற்று விழுந்தது. பையையும் மருத்துவக் கொப்பியையும் எடுத்து வைத்துவிட்டுப் போய் எழுப்பினேன். அவர் எழும்பவில்லை. அன்றைக்குப் படகு ஓடியது. என் மச்சாள்மார் அதில்தான் செத்த வீட்டுக்கு வந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது, கோபம் வரவில்லை. வரும் என்று நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை.

தேர்தல் திரும்ப வந்தது. போட் தருவேன் என்றவரும் வந்தார். வீதியில் ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் வெளியே வரவும் இல்லை. நோட்டீஸை நீட்டினால் வாங்கினார்கள். அடுப்பு மூட்ட உதவும். என் படலைக்கு வந்து, "அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்தவர் பெயின்ற் வாளியைக் கீழே வைப்பதா, தூக்குவதா என்று தெரியாமல் நின்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் இலக்கம் மாறும். இந்த முறை அவருடைய இலக்கம் மூன்று. ஏழை அழித்துவிட்டு எழுதலாமா என்று கேட்டார்.

"அதை விடுங்கோ தம்பி. அது எங்கட வீட்டு நம்பர்."

"சனம் குழம்பும் அக்கா."

"குழம்பட்டும்" என்றேன்.

ஒருவருக்கும் போடுவதில்லை என்ற எண்ணத்தோடுதான் தேர்தலன்று வாக்குப் போடும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகாமல் விடலாம், ஆனால் வீட்டில் இருந்தும் செய்ய ஒன்றுமில்லை. வரிசையில் யாரும் யாரைப் பற்றியும் கதைக்கவில்லை. மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தேன். மேலே சின்னங்கள், கீழே இலக்கங்கள். கை தன்பாட்டில் பழைய சின்னத்துக்கு ஒரு புள்ளடி போட்டது. பிறகு கீழே ஏழைக் கண்டேன். அத்தனை இலக்கத்துக்குள்ளும் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்கும் ஒரு புள்ளடி போட்டேன். சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான், அந்த ஏழு இப்போது அதே கட்சியில் வேறு யாரோ ஒருவருடையது என்று உறைத்தது.

என்னைப்போல் எத்தனை பேர் குழம்பினார்களோ தெரியாது. பழையவர் தோற்றார். ஏழாம் இலக்கக்காரர் வென்றார். அவர் தேர்தலுக்கு எங்கள் தீவுப் பக்கமே வந்ததில்லை. வென்ற பிறகு நன்றி சொல்ல வந்தார். இளவயது, சுத்தமான வெள்ளைச் சட்டை. மதிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு கொப்பி வைத்திருந்தார்.

"அக்கா, எனக்குத் தெரியாமலே இவ்வளவு பெரிசா எழுதி வைச்சிருக்கிறியள்!" என்று சந்தோசப்பட்டார். "உங்களுக்கு முதல் வேலை போட்தான். காத்துக்கும் ஓடுற பெரிய போட்."

"ஓம்" என்றேன்.

"பேர் பதியிறம். வீட்டிலை வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"இப்ப இல்லைத் தம்பி."

"நல்லது அக்கா" என்று சொல்லி, கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.