உமையாள்புரத்து மணிக்கூட்டு முகங்கள்

தாட்சாயினியின் கையில் மணிக்கூடு கிடையாது. வீட்டுச் சுவரிலும் கிடையாது. நேரம் பார்க்க வேண்டுமென்றால் கைத்தொலைபேசியை எடுப்பாள், அதில் சார்ஜ் இல்லாவிட்டால் ரயில் போய்விட்டதா என்று பக்கத்து வீட்டில் கேட்பாள். அப்படிப்பட்டவள் நான்கு வருடமாக மணிக்கூடுகளுக்கு முகம் செய்து நோர்வேக்கு அனுப்புகிறாள் என்று சொன்னால் உமையாள்புரத்திலேயே பாதிப்பேர் சிரிப்பார்கள்.

முகம் என்றால் டயல். முள்ளுகளுக்குக் கீழே கிடக்கிற அந்த வட்டத் தகடு. உலகத்தில் சில மனிதர்களுக்கு ஒரு விசர் இருக்கிறது. மெஷினை ஓரிடத்தில் வாங்கி, கூட்டை இன்னோரிடத்தில் வாங்கி, முள்ளை வேறெங்கோ தேடி, மேசையில் குனிந்திருந்து தங்கள் மணிக்கூட்டைத் தாங்களே பொருத்திப் பூட்டுவார்கள். நோர்வேயில், பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிற செல்வராசா அப்படி ஒருவர். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு அரைநாள் நின்றவர், அந்த வெள்ளையில் ஒரு டயல் வேண்டும் என்று பரந்தனில் நம்பர் பிளேட் அடிக்கிற கடைக்குள் நுழைந்தார். சீனாவிலிருந்து வருவிப்பதெல்லாம் பற்பசை வெள்ளையாக இருக்கிறதாம். கடையில் வேலைக்கு நின்றவள் தாட்சாயினி. அதற்கு முன் இரண்டு வருடம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவள். அந்த வெள்ளை வெறும் வெள்ளை இல்லை, உள்ளுக்குள் சாம்பல் கிடக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கிளிநொச்சியில் பித்தளைப் பாத்திரம் திருத்துகிற பொன்னையா, பழைய தாம்பாளங்களிலிருந்து வட்டம் வெட்டித் தருவார். பின்பக்கம் குண்டூசிப் பருமனில் இரண்டு கால் ஒட்டவேண்டும், மெஷினில் பொருந்துவதற்கு. முன்பக்கம் சாம்பல் நிறப் பெயின்ட் பூசி, ஈரம் காயமுன் உப்புக்கல்லைத் தூவி, மேலே வெள்ளை அடிப்பாள். காய்ந்த பிறகு தூரிகையால் உப்பைத் தட்டிவிட்டுத் தண்ணீரில் கழுவினால், கல் இருந்த இடமெல்லாம் சாம்பல் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பட்டுத்துணி இழுத்துக் கட்டிய அச்சுச் சட்டத்தை வைத்து அறுபது கோடுகளை அச்சடித்து, வார்னிஷ் பூசினால் வேலை முடிந்தது.

வேலையைவிட அவளுக்குப் பிடித்தது வேலைக்குப் பிறகு வருகிற கற்பனை. அந்த டயல்களை வைத்துத் தாம் பூட்டுகிற மணிக்கூடுகளை வாங்குகிறவர்கள் யார் யார் என்று செல்வராசா சொல்லியிருந்தார். படகோட்டுகிற ஒரு கப்டன், ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை செய்கிற ஒரு பெண், பேக்கரியில் பாண் போடுகிற ஒரு கிழவர். உடுப்புத் தோய்க்கும்போது தாட்சாயினி அந்தக் கைகளை நினைத்துக்கொள்வாள். மாவு படிந்த மணிக்கட்டில் ஆனையிறவு உப்பு வெளிச்சம். கடல் குளிரில் சட்டைக் கைக்குள் ஒளிந்திருக்கிற வெள்ளை. இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே யாரோ தான் செய்த முகத்தைப் பார்த்துத்தான் எழும்புகிறார்கள் என்று நினைத்தால், தோய்த்த உடுப்பையே இன்னொரு தரம் தோய்ப்பாள்.

ஒரே ஒரு குறை. தன் டயல் ஓடுகிற மணிக்கூட்டுக்குள் இருப்பதை அவள் கண்ணால் கண்டதில்லை. முதல் வருடம் ஒரு படம் வந்தது, படத்தில் முள் ஓடாதே. ஓடுகிறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பலமுறை கேட்டும், பிறகு அனுப்புகிறேன் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். வீடியோ எடுக்கத் தெரியாத மனுசன் என்று முடிவுகட்டி விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டை அனுப்பி ஒன்றைத் தன் சாமித்தட்டில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஆவணி மாதம் சாமித்தட்டில் தூசி துடைத்தபோது, கடைசியாகச் செய்ததன் நான்கு மணிக் கோட்டுக்கு அருகில் பச்சையாக ஒரு புள்ளி. துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. வார்னிஷுக்கு அடியில் இருந்தது. டயல் கழுவுவதற்கென்று கூரையில் வடிகிற மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருப்பாள். சித்திரையில் பீப்பாய் காய்ந்துபோக, அவசரத்துக்குக் கிணற்றில் அள்ளிக் கழுவியது ஞாபகத்துக்கு வந்தது. அந்த வெயில் மாதங்களில் உமையாள்புரத்துக் கிணறுகளின் உவர் வாயில் வைக்க முடியாது. உப்பைக் கழுவ உப்புத்தண்ணீர். பித்தளை சும்மா இருக்குமா?

புருஷன் குகதாசன் அரிசி ஆலை வேலைக்காரன், எதையும் நேரே பேசுகிறவன்.

"அவையள் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. நீ ஏன் வாயைக் குடுக்கிறாய்?"

அதுவும் சரிதான். சொன்னால் செல்வராசா இனிமேல் கேட்கமாட்டார். கப்டனும் நேர்ஸும் பாண்காரக் கிழவரும் அத்தோடு போய்விடுவார்கள். நான்கு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் கைகளை நினைக்கும்போதெல்லாம் இப்போது பச்சைப் புள்ளிதான் முன்னுக்கு வந்தது. நினைக்கிற சுகமே போய்விட்ட பிறகு எதைக் காப்பாற்றுவது? ஐந்தாம் நாள் குரல் பதிந்து அனுப்பினாள்.

"அண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன். கடைசியா அனுப்பின பன்னிரண்டையும் கிணத்துத் தண்ணியிலை கழுவினனான். எல்லாம் பச்சை பிடிக்கும். ஆரும் கட்டியிருந்தா கழட்டச் சொல்லுங்கோ. மழை வரட்டும், திருப்பிச் செய்து தாறன்."

ஒரு கிழமை கழித்து அவருடைய குரல் வந்தது, வழக்கத்தைவிட மெதுவாக.

"தங்கச்சி, நீர் உம்மட பிழையைச் சொல்லிப்போட்டீர். இனி நான் மறைக்கிறது சரியில்லை. இரண்டு வருசமா எனக்குக் கை நடுங்குது. முள்ளைப் பிடிக்கேலாது. உம்மட கடைசி மூண்டு பார்சலும் மேசை லாச்சியிலைதான் கிடக்கு. நீர் சொன்ன பிறகுதான் திறந்து பாத்தனான். உம்மட பார்சல் வந்தாத்தான் அந்த மேசைக்குப் போக மனம் வரும், அதுதான் கேட்டுக்கொண்டே இருந்தனான்."

அப்படியென்றால் அந்த ஆட்கள்? அதையும் அவரே சொன்னார். ஆட்கள் உண்மையாகவே இருக்கிறார்கள், இப்போது பூட்டித் தருகிறேன் அப்போது பூட்டித் தருகிறேன் என்று அவர்களுக்கும் கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

தாட்சாயினிக்கு முதலில் வந்தது கோபந்தான். இரண்டு வருடமாக வெறும் மணிக்கட்டுகளையா நினைத்துக்கொண்டிருந்தாள்? வீடியோ, வீடியோ என்று கேட்டது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் அச்சுச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தன் விரல்களைப் பார்த்தாள். தலைமயிர்ப் பருமனில் அறுபது கோடு அடிக்கிற விரல்கள், துளியும் ஆடவில்லை. அவற்றைப் பார்த்ததும் அவருடைய கைகளை நினைத்து மனம் இளகிவிட்டது. இனித் தானே பூட்டுவதாகச் சொல்லி, மெஷினையும் முள்ளையும் கூட்டையும் கைவாரையும் இங்கே அனுப்பிவிடச் சொன்னாள்.

ஐப்பசியில் பெட்டி வந்தது. மழையும் வந்து பீப்பாய் நிரம்பி வழிந்தது. புதிதாகச் செய்ததில் ஒன்றை எடுத்து, வீடியோ அழைப்பில் அவர் சொல்லச் சொல்ல, இரண்டு காலையும் மெஷினுக்குள் இறக்கினாள். மணி முள்ளும் நிமிட முள்ளும் சரியாகப் போய் அமர்ந்தன. செக்கன் முள் முதல் தடவை வளைந்துபோய்விட்டது. இன்னொன்றை எடுக்கச் சொன்னார் அவர். இரண்டாவதை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்து அழுத்தினாள். சாவியைத் திருகியதும் அது ஓடத் தொடங்கியது. சாம்பல் பொட்டுகளுக்கு மேலே, அவள் அடித்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, ஒன்றையும் தவறவிடாமல் ஓடியது. இவ்வளவு நாளும் நினைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிலத்தில் உட்கார்ந்து அழுதாள்.

முள் ஓடத் தொடங்குமுன்பே மழையில் தொடர்பு அறுந்துபோனதால் அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், கூட்டுக்குள் இறக்கி வார் மாட்டிய மணிக்கூட்டைக் கைத்தொலைபேசியோடு ஒட்டிவைத்து அரை நிமிடம் அந்தச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினாள். பேர்கனில் அப்போதுதான் விடியும்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"தங்கச்சி, இதை இன்னும் கொஞ்சம் கூட நேரம் பதிஞ்சு அனுப்பும்."

தாட்சாயினி அடுப்பை அணைத்தாள். சன்னலைச் சாத்தி, மழைச்சத்தம் வராமல் துணி அடைத்தாள். மணிக்கூட்டைக் கையில் கட்டி, கையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சுச் சத்தமும் கேட்காதபடி அப்படியே இருந்தாள்.